அடைப்பைத் தேடிப் போன மனிதர் – டாக்டர் ருடால்ஃப் விர்ச்சோ



பேரவை ஆண்டு மலருக்கு ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையைப் பற்றி எழுதித் தரச் சொல்லி மலர்க்குழு அண்ணன்மார்கள் கேட்டார்கள். எடிசன், விஸ்வேஸ்வரய்யா, ஜி.டி.நாயுடு மூவரையும் மற்ற துறைக்காரர்கள் முந்திக்கொண்டு எடுத்துவிட்டார்கள். நான் எடுத்திருப்பது ஒரு டாக்டரை. பாலிடெக்னிக் மலரில் டாக்டருக்கு என்னப்பா வேலை என்று எங்கள் சிவில் நண்பர்களே சிரித்தார்கள். சிரிக்கட்டும்! இந்த டாக்டர் பார்த்ததெல்லாம் குழாய்களை. முதலில் மனித உடம்புக்குள் ஓடும் இரத்தக் குழாய்கள். பிறகு ஒரு மாநகரத்தின் தரைக்கு அடியில் ஓடும் சாக்கடைக் குழாய்கள். இரண்டிலும் அவர் கேட்டது ஒரே கேள்விதான். அடைப்பு இங்கே தெரிகிறது, சரி. அது எங்கிருந்து வந்தது?

அவர் பெயர் ருடால்ஃப் விர்ச்சோ. ஜெர்மனிக்காரர். பள்ளிக்கூடத்து உயிரியலில் செல் கொள்கை என்று ஒரு பாடம் வருமே, ஷ்லைடன், ஷ்வான் என்று இரண்டு பெயர்களை மனப்பாடம் செய்தோமே, அவர்களுக்கு அடுத்து வரும் பெயர் இவருடையது. ஒரு செல் இன்னொரு செல்லிலிருந்துதான் பிறக்கும், சும்மா வெறும் திரவத்திலிருந்து முளைக்காது என்று உலகத்தை ஒப்புக்கொள்ள வைத்தவர். ஆனால் நான் சொல்ல வந்தது அந்தக் கதை இல்லை. அதற்கு முன்னால், இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில் அவர் செய்த வேலை.

விர்ச்சோ பிறந்தது 1821 அக்டோபர் 13. பிரஷ்யா நாட்டில் பொமரேனியா பகுதியில் ஷீவல்பைன் என்ற சின்ன ஊர். இன்றைக்கு அது போலந்து நாட்டுக்குள் ஷ்விட்வின் என்ற பெயரில் இருக்கிறது. அப்பா விவசாயம் பார்த்தவர். ஊருக்குப் பொருளாளர் வேலையும் செய்தார். ஒரே பிள்ளை. சொத்து சுகம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பையன் படிப்பில் கெட்டிக்காரன், ஆனால் மருத்துவம் படிக்கப் பணத்துக்கு எங்கே போவது?

பெர்லினில் இராணுவ டாக்டர்களை உருவாக்குவதற்கென்றே ஃபிரெடரிக் வில்லியம் நிலையம் என்று ஒன்று இருந்தது. அங்கே படிப்புக்குப் பணம் கட்ட வேண்டாம். பதிலுக்கு, படித்து முடித்தபிறகு பட்டாளத்தில் டாக்டராக வேலை பார்க்க வேண்டும். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அதுதான் வாசல். 1839-ல் விர்ச்சோ அந்த வாசல் வழியாக உள்ளே போனார். அப்போது அவருக்கு வயது 18. நம்ம வயசு! எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான். விர்ச்சோவின் வாழ்க்கையில் என்னை முதலில் பிடித்து நிறுத்திய இடம் இதுதான் என்பதை மறைக்க விரும்பவில்லை. அப்படி ஒரு நிலையம் மட்டும் இல்லையென்றால் அந்தப் பையன் அப்பாவோடு உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டு இருந்திருப்பான். மருத்துவ உலகம் இன்னும் எத்தனை வருஷம் காத்திருந்திருக்குமோ!

1843-ல் பட்டம். அதே ஊரில் ஷாரிடே என்ற பெரிய மருத்துவமனையில் வேலை. ஷாரிடே அன்றைக்கும் பெயர் பெற்றது, இன்றைக்கும் பெயர் பெற்றது. அங்கே இறந்தவர்களின் உடலை அறுத்துப் பார்த்து நோயின் காரணத்தைக் கண்டுபிடிக்கும் பிரிவில் ஃபுரோரிப் என்பவர் தலைவர். அவருக்கு உதவியாளராக விர்ச்சோ சேர்ந்தார். எவ்வளவு பேருக்கு இந்த வேலை பிடிக்கும்? பிணவறை, நாற்றம், குளிர். நம்ம ஊரில் என்றால் கல்யாணத்துக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள். விர்ச்சோவுக்கோ அது புதையல் கிடைத்த மாதிரி.

ஃபுரோரிப் அவரிடம் ஒரு கணக்கைக் கொடுத்தார். அந்தக் காலத்தில் பிரான்சில் குருவெய்யே என்று ஒரு பெரிய பேராசிரியர். எல்லா நோய்க்கும் அடிப்படை சிரைகளில் வரும் அழற்சிதான் என்பது அவர் கட்சி. சிரை என்றால் உடம்பிலிருந்து இதயத்துக்கு இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் குழாய். அதன் சுவர் அழன்று வீங்குகிறது, அதனால் உள்ளே இரத்தம் கட்டிப்போகிறது என்றார்கள். சுவர்தான் குற்றவாளி, கட்டி அதன் விளைவு. இது உண்மையா என்று பார்த்துச் சொல் என்பதுதான் விர்ச்சோவுக்குக் கிடைத்த வேலை.

இங்கே கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்க்கலாம். ஏனென்றால் இது நம்ம பாடம்.

திடீரென்று மூச்சடைத்து இறந்துபோனவர்களை அறுத்துப் பார்த்தால், சிலருக்கு நுரையீரலுக்குப் போகும் பெரிய தமனிக்குள் ஒரு இரத்தக்கட்டி சிக்கியிருக்கும். அது அங்கேயே உண்டானது, அந்த இடத்துச் சுவரில்தான் கோளாறு என்பது மற்றவர்கள் சொன்ன விளக்கம். கேட்டால் சரியாகத்தான் தோன்றும். சமையலறைக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் சமையலறைக் குழாயைத்தானே முதலில் கழற்றுவோம்! விர்ச்சோ அந்தச் சுவரை உற்றுப் பார்த்தார். கட்டி இருக்கும் இடத்தில் பல நேரம் சுவர் நன்றாகவே இருந்தது. புண் இல்லை, வீக்கம் இல்லை. அப்படியானால் கட்டி எங்கிருந்து வந்தது?

அதே உடலின் தொடைச் சிரையையும் கால் சிரையையும் திறந்தார். அங்கேயும் இரத்தக்கட்டி. இதயத்தைப் பார்த்தபடி இருக்கும் அதன் முனையோ உடைந்துபோனது மாதிரி! நுரையீரலில் சிக்கியிருந்தது அந்த முனையிலிருந்து பிய்ந்து போன துண்டு என்று அவருக்குப் பட்டது. அதாவது நுரையீரலை அடைத்த பொருள் கிளம்பிய இடம் கால்!

குழாய் அளவுகளை மனதில் வைத்துக்கொண்டு இதைப் பாருங்கள். கால் சிரை சின்னது. அது தொடைச் சிரையில் சேரும். அது அதைவிடப் பெரியது. வயிற்றுக்குள் வந்தால் கட்டைவிரல் கனத்துக்கு மேல் உள்ள கீழ்ப் பெருஞ்சிரை. அதற்கப்புறம் இதயத்தின் வலது ஆரிக்கிள், வலது வென்ட்ரிக்கிள். இவை அறைகள், குழாயே இல்லை. போகப் போகப் பாதை அகலமாகிக்கொண்டே வருகிறது. ஆகவே காலில் பிய்ந்த கட்டி வழியில் எங்கேயும் சிக்காது, ஜாலியாக வரும். இதயத்தைத் தாண்டி நுரையீரல் தமனிக்குள் போனதும்தான் குழாய் இரண்டாகப் பிரிந்து, மறுபடி பிரிந்து, குறுகத் தொடங்குகிறது. நம்ம பிளம்பிங் பாஷையில் சொன்னால், முதல் ரெட்யூசர் வருவது அங்கேதான். சிக்குவதும் அங்கேதான்! காலில் பிறந்த கட்டி ஏன் நெஞ்சில் போய் ஆளைக் கொல்கிறது என்ற கேள்விக்கு இவ்வளவு எளிதான பதில். இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

காரணம் உண்டு. என் பெரியப்பா கொத்தனார். சில வருஷத்துக்கு முன் சாரத்திலிருந்து விழுந்து காலில் எலும்பு முறிந்தது. மாவுக்கட்டு போட்டு வீட்டில் படுத்தே இருந்தார். கட்டு போட்ட காலின் தொடை வீங்குகிறது, கனமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கட்டு இறுக்கம் என்று எல்லோரும் நினைத்தோம். ஒருநாள் காலையில் எழுந்து திண்ணை வரைக்கும் போனவர் மூச்சு வாங்குகிறது என்று உட்கார்ந்தார். பத்து நிமிஷம்கூட இல்லை. நெஞ்சடைப்பு என்றார்கள் சிலர், காத்து கருப்பு என்றார்கள் சிலர். கால்தானே உடைந்தது, நெஞ்சு எப்படி நின்றது என்று பெரியம்மா இன்றுவரைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறார். பெரியப்பாவுக்கு வந்தது இதுதான் என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். யாரும் அறுத்துப் பார்க்கவில்லை. ஆனால் காலுக்கும் நெஞ்சுக்கும் வழி இருக்கிறது என்பதை 1840-களிலேயே ஒரு இளைஞர் காட்டிவிட்டார். அந்தச் செய்தி எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை. அவ்வளவுதான்.

சரி, கதைக்கு வருவோம். பிணத்தில் பார்த்ததை மட்டும் வைத்து விர்ச்சோ நின்றுவிடவில்லை. உயிரோடு இருக்கும் உடம்பில் நிரூபிக்க வேண்டுமே. நாய்களின் கழுத்துச் சிரைக்குள் சின்ன ரப்பர் துண்டுகளை நுழைத்து விட்டார். கழுத்துச் சிரையும் இதயத்தின் வலப்பக்கத்துக்குத்தான் வந்து சேரும். பிறகு அறுத்துப் பார்த்தால் ரப்பர் எங்கே இருந்தது தெரியுமா? நுரையீரல் தமனியில்! ரப்பர் துண்டு அங்கே தானாக முளைத்திருக்க முடியாது அல்லவா? எங்கே விட்டோம், எங்கே போய்ச் சேர்ந்தது என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லை. பாதாள சாக்கடையில் ஒரு மேன்ஹோலில் சாயத்தைக் கரைத்துவிட்டு எந்த மேன்ஹோலில் வருகிறது என்று பார்ப்போமே, அதே யுக்தி. நாய்களை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் எதிர்த்துப் பேச யாருக்கும் வாய் இல்லாமல் செய்த சோதனை அது.

இதற்கெல்லாம் பெயர் வைத்ததும் அவர்தான். இருந்த இடத்திலேயே குழாய்க்குள் இரத்தம் கட்டிப்போவதற்குத் திராம்போசிஸ் என்றார். கட்டி பிய்ந்து ஓட்டத்தோடு போய் வேறு இடத்தில் அடைப்பதற்கு எம்பாலிசம் என்றார். இரண்டும் கிரேக்கச் சொற்களிலிருந்து எடுத்தவை. எம்பாலஸ் என்றால் உள்ளே செருகப்பட்ட ஆப்பு, அடைப்பான் என்று பொருள். மெக்கானிக்கல் நண்பர்களுக்கு ஒரு செய்தி: இன்றைய கிரேக்க மொழியில் எஞ்சின் பிஸ்டனுக்கும் அதே வேர்ச்சொல்தான்!

1845-ல் அந்த இராணுவ மருத்துவ நிலையத்துக்கு 50-ஆம் ஆண்டு விழா. பெரிய பெரிய டாக்டர்கள் முன்னால் உட்கார்ந்திருக்க, இந்த 23 வயசுப் பையன் மேடையேறி இரத்தம் உறைவதைப் பற்றியும் சிரை அழற்சியைப் பற்றியும் பேசினான். உடம்பில் நடப்பதற்கும் இயற்பியல், வேதியியல் விதிகள்தான் காரணம், மாய சக்தி எதுவும் இல்லை என்பது அவர் நிலை. மூத்தவர்கள் பலருக்கு அது ரசிக்கவில்லை. கட்டுரை அனுப்பினால் பத்திரிகைகள் திருப்பி அனுப்பின. அதற்காக மூலையில் உட்கார்ந்து அழவில்லை மனிதர். 1847-ல் ரைன்ஹார்ட் என்ற நண்பரோடு சேர்ந்து சொந்தமாகவே ஒரு மருத்துவ ஆராய்ச்சி இதழைத் தொடங்கிவிட்டார். நண்பர் சீக்கிரமே இறந்துபோனார். இதழ் இறக்கவில்லை. இன்றைக்கும் விர்ச்சோவின் பெயரிலேயே வந்துகொண்டிருக்கிறது. நம்ம மலர் வருஷத்துக்கு ஒருதரம் வருவதற்கே எவ்வளவு பாடு என்பது மலர்க்குழுவுக்குத் தெரியும்!

(இதே காலத்தில் இரத்தத்தில் வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் நோயையும் அவர் விவரித்தார். லுக்கீமியா என்ற பெயர் அவர் வைத்ததுதான். இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போவது அநியாயம் என்றாலும் இடம் இல்லை.)

குழாய்க்குள் ஓடும் இரத்தம் எதற்காகக் கட்ட வேண்டும்? ஓட்டம் மந்தமானால் கட்டும். குழாயின் உள்சுவர் அடிபட்டாலும் கட்டும். இரத்தத்தின் தன்மையே மாறி உறையும் சுபாவம் கூடினாலும் கட்டும். இந்த மூன்றையும் சேர்த்து மருத்துவப் புத்தகங்கள் விர்ச்சோவின் மும்மை என்று சொல்கின்றன. உண்மையில் அவர் இப்படி ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை போட்டு எழுதிவைக்கவில்லை. அவர் ஆராய்ச்சியிலிருந்து பின்னால் வந்தவர்கள் கட்டி, அவர் பெயரைச் சூட்டினார்கள். அந்த அஸ்திவாரம் அவர் போட்டது என்பதால் பெயர் பொருத்தமானதுதான்.

நம்ம சாக்கடைக் குழாய் வடிவமைப்பில் செல்ஃப் கிளென்சிங் வெலாசிட்டி என்று படிக்கிறோம். கழிவுநீர் வினாடிக்குச் சுமார் 0.6 மீட்டர் வேகத்தையாவது தொட வேண்டும், இல்லாவிட்டால் வண்டல் படியும். குழாயின் உள்பக்கம் சொரசொரப்பாக இருந்தாலும் ஓட்டம் குறையும், திரவம் கெட்டியானாலும் குறையும். இரத்தம் வண்டல் மாதிரி வெறுமனே படிவதில்லை, இரசாயன மாற்றத்தால் உறைகிறது. அந்த வித்தியாசம் முக்கியம். ஆனாலும் ஓட்டம், சுவர், திரவம் என்று மூன்று பக்கமும் பார்க்கும் பார்வை ஒன்றுதான். நிற்கும்போதும் நடக்கும்போதும் கெண்டைக்கால் சதை இறுகி இறுகி விரிந்து சிரை இரத்தத்தை மேலே தள்ளுகிறது. அது ஒரு பம்பு. படுத்த படுக்கையாகக் கிடந்தால் பம்பு நின்றுவிடும். அதனால்தான் ஆபரேஷன் ஆனவர்களைச் சீக்கிரமே எழுப்பி நடக்க வைக்கிறார்கள். 2020, 2021-ல் கொரோனா வந்தபோது பலருக்கு இரத்தம் அளவுக்கு மீறி உறைந்து நுரையீரலை அடைத்தது. அப்போதும் டாக்டர்கள் பேசியது இந்த மூன்றைத்தான்.

1848 ஆரம்பத்தில் விர்ச்சோவின் வாழ்க்கை திசை மாறியது. மேல் சைலீசியா என்ற பகுதியில் பஞ்சமும் டைஃபஸ் காய்ச்சலும் சேர்ந்து மக்கள் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். பத்திரிகைகள் கத்த ஆரம்பித்ததும் பிரஷ்ய அரசு ஒரு குழுவை அனுப்பியது. அதில் 26 வயது விர்ச்சோவும் ஒருவர். மூன்று வாரம் அளவுக்கு வீடு வீடாகப் போய்ப் பார்த்தார். ஒரே அறையில் மனிதரும் மாடும். உருளைக்கிழங்கு பொய்த்துவிட்டது, வேறு சாப்பாடு கிடையாது. மக்கள் பேசும் மொழி போலிஷ். ஆட்சியும் அதிகாரிகளும் ஜெர்மன். நிலம் பெரிய பண்ணையார்கள் கையில்.

அரசாங்கம் எதிர்பார்த்தது என்னவாக இருக்கும்? இந்த மருந்து கொடுங்கள், அந்த இடத்தில் ஆஸ்பத்திரி கட்டுங்கள் என்று ஒரு அறிக்கை. விர்ச்சோ எழுதிக் கொடுத்தது வேறு. இந்த மக்களுக்குக் கல்வி வேண்டும், அதுவும் அவர்கள் தாய்மொழியில் வேண்டும். சாலை போட வேண்டும். விவசாயத்தைச் சீராக்க வேண்டும். வரிச்சுமை ஏழை தலையிலிருந்து இறங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக முழு ஜனநாயகம் வேண்டும்! காய்ச்சலுக்கு மருந்து கேட்டால் ஜனநாயகம் என்று எழுதுகிறானே என்று அதிகாரிகள் எப்படி முகம் சுளித்திருப்பார்கள்! எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. நுரையீரலில் அடைப்பைக் கண்டதும் காலைத் திறந்து பார்த்த ஆள்தானே. காய்ச்சல் கண்ட குடிசையிலிருந்து பின்னோக்கி நடந்து பண்ணை வீடு வரைக்கும், அரண்மனை வரைக்கும் போயிருக்கிறார். டைஃபஸ் பேன் வழியாகப் பரவுகிறது என்று சார்ல் நிக்கோல் கண்டுபிடித்தது 1909-ல். விர்ச்சோவுக்குப் பேன் தெரியாது. ஆனால் பேன் பெருகும் இடம் எது என்பது அவர் அறிக்கையில் இருக்கிறது.

பெர்லினுக்குத் திரும்பிய சில நாளில், 1848 மார்ச்சில், புரட்சி வெடித்தது. விர்ச்சோ தெருவில் இறங்கித் தடுப்பரண் கட்டினார். மருத்துவச் சீர்திருத்தம் என்ற பெயரில் வாரப் பத்திரிகை நடத்தினார். புரட்சி தோற்றது. 1849-ல் அரசு அவரை ஷாரிடே பதவியிலிருந்து நீக்கியது. பிறகு முறைப்பாடுகள் எழுந்ததால் கொஞ்சம் தளர்ந்தார்கள் என்றாலும், அவர் அங்கே நிலைக்கவில்லை. பவேரியாவில் வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. அரசியல் பேசக்கூடாது என்பது நிபந்தனை! 1850-ல் ரோஸ் மேயரைத் திருமணம் செய்துகொண்டார். ஏழு வருஷம் அமைதியாக இருந்து நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார். 1856-ல் பெர்லின் அவரைத் திரும்பக் கூப்பிட்டது, அதுவும் அவருக்கென்றே புதிய நோய்க்கூறியல் நிலையம் கட்டிக்கொடுத்து. துரத்திய ஊரே அழைத்தது. அதே வருஷம் இரத்த அடைப்பு ஆராய்ச்சிகள் எல்லாம் தொகுப்பு நூலாக வந்தன. 1858-ல் செல்களை வைத்து நோயை விளக்கும் அவருடைய புகழ்பெற்ற இருபது சொற்பொழிவுகளும் நூலாக வந்தன. மற்றவர்கள் கண்டதில் தாம் எடுத்துக்கொண்டதற்கு, குறிப்பாக ரேமாக் என்ற ஆராய்ச்சியாளருக்கு, உரிய இடம் கொடுக்கவில்லை என்ற குறை அவர்மீது உண்டு. அது நியாயமான குறை என்றே நினைக்கிறேன்.

இனி நம்ம சிவில் துறைக்கு வருகிறேன். 1859-ல் விர்ச்சோ பெர்லின் நகர்மன்ற உறுப்பினர் ஆனார். சாகும்வரை அந்தப் பதவியில் இருந்தார். அன்றைய பெர்லின் நாறிப்போன நகரம். வீட்டுக் கழிவு தெருவோரத் திறந்த ஓடையில் ஓடும். மழை பெய்தால் நிரம்பும், வெயில் அடித்தால் தேங்கும். கழிவை வண்டியில் அள்ளிக்கொண்டு போகலாமா, பூமிக்கடியில் குழாய் போடலாமா என்று வருஷக்கணக்கில் சண்டை. விர்ச்சோ தலைமையில் குழு போட்டார்கள். நிலத்தடி நீர்மட்டம், மழை, மண், சாவுக் கணக்கு என்று எல்லாவற்றையும் அளந்து பார்த்துவிட்டுக் குழாய்தான் என்று முடிவு சொன்னார்கள்.

திட்டம் போட்டவர் ஜேம்ஸ் ஹோப்ரெக்ட் என்ற இன்ஜினியர். பெர்லின் சமதளம். ஒரே பெரிய குழாயில் எல்லாவற்றையும் வழியவிட்டால் சரிவு போதாது, ஓட்டம் செத்துப்போகும், வண்டல் அடைக்கும். ஆகவே நகரத்தை 12 வட்டாரமாகப் பிரித்தார். ஒவ்வொரு வட்டாரத்துக் கழிவும் அதன் தாழ்வான இடத்துக்கு வந்து சேரும். அங்கே பம்பிங் ஸ்டேஷன். அங்கிருந்து நீராவி பம்பு வைத்து நகரத்துக்கு வெளியே உள்ள வயல்களுக்குத் தள்ளுவார்கள். அந்த நீரிலேயே பயிர் விளைந்தது. 1873-ல் வேலை தொடங்கியது. நகர்மன்றத்தில் இதற்காக வாதாடிக் காசு வாங்கிக் கொடுத்ததில் விர்ச்சோவுக்குப் பெரிய பங்கு. ஒரு இன்ஜினியரும் ஒரு டாக்டரும் சேர்ந்து ஒரு நகரத்தின் இரத்த ஓட்டத்தைச் சரிசெய்தார்கள் என்று சொன்னால் தப்பா? இறைச்சியில் இருக்கும் டிரைகினா புழுவை எதிர்த்து, இறைச்சிப் பரிசோதனையைச் சட்டமாக்கவும் அவர் பாடுபட்டார்.

பிரஷ்யச் சட்டமன்றத்திலும் உட்கார்ந்து பிஸ்மார்க்கை எதிர்த்துப் பேசிக்கொண்டே இருந்தார். எவ்வளவு எரிச்சல் ஊட்டினார் என்றால், 1865-ல் பிஸ்மார்க் அவரை நேருக்கு நேர் ஆயுதச் சண்டைக்கு அழைத்தார்! விர்ச்சோ மறுத்துவிட்டார். இதைச் சுற்றி ஒரு கதை உண்டு. ஆயுதம் என் இஷ்டம் என்று சொல்லி இரண்டு சாசேஜ் எடுத்து வைத்தாராம். ஒன்றில் புழு, ஒன்றில் இல்லை. ஒன்றை நீ தின்னு, ஒன்றை நான் தின்கிறேன் என்றாராம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் கட்டுக்கதை. மறுத்தது மட்டுமே உண்மை. எனக்கு அதுவே போதும்.

வேறு ஒரு வேலையும் சொல்ல வேண்டும். தூய ஜெர்மன் இனம் என்று சிலர் பேசத் தொடங்கியபோது, பள்ளிப் பிள்ளைகளின் முடி நிறம், கண் நிறம், தோல் நிறம் ஆகியவற்றைக் கணக்கெடுக்கச் செய்தார். 67 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள்! நீலக்கண், பொன்முடி உள்ளவர்கள் சிறுபான்மைதான், எல்லாம் கலந்தே கிடக்கிறது என்று 1886-ல் வெளியான கணக்கு காட்டியது. பின்னால் அந்த நாட்டில் நடந்ததை நினைக்கும்போது, அந்தக் கணக்கை யாரும் படிக்கவில்லையே என்று வயிறு எரிகிறது.

பெரியவர் என்பதற்காகச் சொன்னதெல்லாம் சரி என்று ஆகாது. பிரசவ வார்டில் டாக்டர்கள் கை கழுவினால் தாய்மார்கள் பிழைப்பார்கள் என்று செம்மல்வைஸ் சொன்னபோது விர்ச்சோ துணை நிற்கவில்லை. கிருமிகளைப் பற்றிய புதிய கருத்துகளை நெடுநாள் சந்தேகத்தோடுதான் பார்த்தார். நியாண்டர்தால் மண்டையோட்டை நோயாளி ஒருவனுடையது என்று தள்ளிவிட்டார். இளம் வயதில் மூத்தவர்கள் தன்னைக் கேட்காமல் விட்டதை அனுபவித்தவர், தான் மூத்தவரானதும் அதையே செய்திருக்கிறார்.

1902 ஜனவரி 4. வயது 80. பெர்லினில் லைப்சிகர் வீதியில் மின்சார டிராம் ஓடிக்கொண்டிருக்கும்போதே இறங்கப் பார்த்து விழுந்தார். தொடை எலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு அந்த சுறுசுறுப்பு திரும்பவில்லை. படுக்கையும் ஆரோக்கிய விடுதிகளுமாக எட்டு மாதம் போனது. செப்டம்பர் 5-ஆம் தேதி இறந்தார்.

தொடை எலும்பு முறிந்து படுத்தவருக்கு என்ன ஆபத்து வரும் என்பது உலகத்திலேயே அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆனால் கையில் மருந்து இல்லாத காலம். இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினை அமெரிக்காவில் ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவர், ஆம், மாணவர், கண்டது 1916-ல். மாடுகள் கெட்டுப்போன தீவனத்தைத் தின்று இரத்தம் உறையாமல் செத்ததை ஆராயப் போய் வார்ஃபரின் வந்தது. 1948-ல் அது முதலில் விற்பனைக்கு வந்தது எலி மருந்தாக! இன்று இடுப்பு, தொடை எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனவர்களுக்கு இரத்தம் கட்டாமல் இருக்க ஊசியோ மாத்திரையோ கொடுப்பது வழக்கமாகிவிட்டது. நண்பர்களே, உங்கள் வீட்டில் யாராவது கட்டுப் போட்டுப் படுத்திருந்து, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, கட்டு இறுக்கம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், கால் உடைந்து எத்தனை நாளாகப் படுக்கை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பெரியம்மாவிடம் இதையெல்லாம் காகிதத்தில் இதயமும் குழாயும் வரைந்து காட்டினேன். ரொம்ப நேரம் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இறப்பதற்கு மூன்று வருஷம் முன்பு, 1899-ல், விர்ச்சோ ஷாரிடே வளாகத்தில் ஒரு நோய்க்கூறியல் அருங்காட்சியகம் திறந்தார். வாழ்நாளெல்லாம் சேர்த்த 20,000-க்கும் மேற்பட்ட உடல் பாகங்கள் ஜாடிகளில் வரிசையாக இருந்தன. டாக்டர்கள் மட்டும் பார்த்தால் போதாது, சாதாரண ஜனங்களும் வந்து தங்கள் உடம்பைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அவர் ஆசை. இரண்டாம் உலகப்போரில் குண்டு விழுந்து பெரும்பகுதி அழிந்தது. மிச்சம் இருந்ததை வைத்து அதே கட்டடத்தில் இப்போது மருத்துவ வரலாற்று அருங்காட்சியகம் நடக்கிறது. அவருடைய பழைய சொற்பொழிவுக் கூடத்தைப் பழையபடி புதுப்பிக்காமல், இடிந்த சுவர்களை அப்படியே வைத்து மேலே கூரை மட்டும் போட்டிருக்கிறார்கள். அங்கே இன்றும் கூட்டங்கள் நடக்கின்றன.